வெல்டிங் டார்ச் சீமை விட்டு விலகுகிறது: கேமராவா, ஆர்க் சென்சிங்கா?

கேள்வி இதுதான். டிரெய்லர் சேஸி செய்யும் பட்டறை. 8 மி.மீ. பிளேட்டில் ஃபில்லட் வெல்டிங் (இரண்டு பிளேட் சேரும் உள்மூலையில் போடுவது), 1.2 மி.மீ. வயர், மிக் ரோபோ (வயரைத் தொடர்ந்து ஊட்டி உருக்கும் வெல்டிங்). ஒரு ஜாப்பில் பீட், அதாவது உருகி உறைந்த வெல்டிங் வரி, அச்சு அசலாக மூலையில் விழுகிறது. அடுத்த ஜாப்பில் அதே புரோகிராம் 2, 3 மி.மீ. விலகி ஒரு பிளேட்டின் மேல் ஏறிவிடுகிறது. சீமை, அதாவது பிளேட்டுகள் சேரும் கோட்டை, லேசர் கேமராவால் பின்தொடரும் சீம் டிராக்கிங் வாங்குங்கள் என்கிறார் ஒரு விற்பனையாளர். ஆர்க்கின் (மின்பொறியின்) கரண்டை வைத்தே சீமைத் தேடும் ஆர்க் சென்சிங் மென்பொருள் ரோபோவிலேயே இருக்கிறது, அதைத் திறந்துவிட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதும் சில பட்டறைகளுக்குச் சரி, சில பட்டறைகளுக்கு வீண் செலவு. உங்கள் பட்டறைக்கு எது என்று தெரிய வேண்டுமானால் இரண்டு விஷயங்களுக்குப் பதில் வேண்டும். விலகல் எப்போது உண்டாகிறது, ஆர்க் பற்றுவதற்கு முன்பா, பற்றிய பிறகா? நீங்கள் வாங்கப்போகும் சென்சார் எதை அளக்கிறது, சீம் இருக்கும் இடத்தையா, ஆர்க் விழும் இடத்தையா? விலைப்பட்டியலில் இந்த இரண்டும் இருக்காது. ஆனால் பணம் பலிப்பதும் பாழாவதும் இவற்றில்தான் இருக்கிறது.

முதலில் எவ்வளவு விலகலைப் பொறுக்கலாம் என்று பார்ப்போம். ரோபோ வெல்டிங்கில் பொதுவாகச் சொல்லும் அளவு, வயர் விட்டத்தில் பாதி. 1.2 மி.மீ. வயருக்கு இந்தப் பக்கம் 0.6, அந்தப் பக்கம் 0.6. கையால் வெல்டிங் செய்பவருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. கண் பார்க்கிறது, கை திருத்துகிறது. உருகிய உலோகக் குளம் எந்தப் பிளேட்டில் ஒட்டவில்லை என்பது அவருக்கு அந்த நொடியே தெரியும். ரோபோவுக்குத் தெரிந்தது நீங்கள் கற்றுக்கொடுத்த புள்ளிகள் மட்டும்தான். அந்தப் புள்ளிக்கு அது 0.1 மி.மீ.க்குள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். சீம் அங்கே இல்லை என்றால் அது ரோபோவின் பிழை அல்ல.

சீம் ஏன் அங்கே இல்லை? ஆர்க்குக்கு முந்தைய காரணங்கள் நிறைய. கேஸ் கட்டிங் விளிம்பு நேராக இல்லாதது, பிரஸ் பிரேக்கில் வளைத்த கோணம் ஒரு டிகிரி கூடக்குறைய வந்தது, டாக் (பிளேட்டுகளைப் பிடித்து வைக்கும் சின்ன வெல்டிங்) போடும்போது பிளேட் சற்று இழுத்துக்கொண்டது, ஜாப்பைப் பிடிக்கும் ஃபிக்ஸ்சரின் ஸ்டாப்பரில் ஸ்பேட்டர் (தெறித்த உலோகத் துளி) ஒட்டி ஜாப் முழுசாக உட்காராதது. ஆர்க் பற்றிய பிறகு வரும் காரணம் ஒன்றுதான், அது சூடு. இரும்பு ஒரு மீட்டர் நீளத்துக்கு 100 டிகிரி சூடேறினால் சுமார் 1.2 மி.மீ. நீளும். நீண்ட சேஸி மெம்பரில் ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் போட்டுக்கொண்டே போனால் அது வில்லாக வளையும். பீட்டின் தொடக்கம் சரியாக இருக்கும், முடிவு தள்ளிப்போயிருக்கும்.

ஆகவே ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். வரிசையாக வரும் ஐந்தாறு ஜாப்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்க் இல்லாமல் ரோபோவை அதே புரோகிராமில் ஓட்டி, ஒவ்வொரு சீமின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் நிறுத்துங்கள். வயர் நுனிக்கும் மூலைக்கும் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். பிறகு வெல்டிங் போடுங்கள். நீளமான சீமில் பாதி வரை போட்டு நிறுத்தி, மீதிப் பாதியில் அதே அளவை மறுபடி எடுங்கள். வெல்டிங்குக்கு முன்பே விலகல் இருந்து, பாதி வெல்டிங் ஆன பிறகும் அதே அளவில் நின்றால், பிரச்சினை ஜாப்பிலும் ஃபிக்ஸ்சரிலும். முன்பு சரியாக இருந்து பாதியில் மாறினால், அது சூடு. முன்பே மூன்று இடத்திலும் மூன்று விதமாக விலகியிருந்தால் கட்டிங்கையும் பெண்டிங்கையும் கவனியுங்கள். சென்சார் வாங்க வந்தவர் ஸ்டாப்பரைச் சுத்தம் செய்து, கிளாம்ப் இரண்டைக் கூட்டி, வாங்காமலேயே திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட நல்ல முடிவு இந்தத் துறையில் கிடையாது.

சென்சாரே இல்லாமல் சீமைக் கட்டுப்படுத்துவது பழைய, மதிப்பான வழி. பாய்லர் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: தண்ணீர்ச் சுவர் பேனலில் டியூபும் தட்டைப்பட்டையும் மாறி மாறி வரும். பேனல் வெல்டிங் இயந்திரத்தில் உருளைகள் இரண்டையும் அழுத்திப் பிடித்து உள்ளே இழுக்கும். டார்ச் அசையாமல் நிற்கும். சீம்தான் டார்ச்சுக்கு அடியில் வந்து சேரும். ஒரே வடிவம், கிலோமீட்டர் கணக்கில் நீளம் என்றால் இதுதான் சரி. உங்கள் சேஸியில் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் இது முழுசாகப் பொருந்தாது. ஆனாலும் அதன் பாடம் பொருந்தும். பிடித்து நிறுத்த முடிந்ததைத் தேடிக்கொண்டு அலைய வேண்டாம்.

சரி, ஃபிக்ஸ்சரைச் சரிசெய்த பிறகும் விலகல் மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்த விலகல், வெல்டிங்கின் போது மாறுவதில்லை என்றால், டச் சென்சிங் போதும். வயருக்கு மின்னழுத்தம் கொடுத்துவிட்டு ரோபோ மெதுவாக பிளேட்டை நோக்கிப் போகும். வயர் தொட்டதும் சுற்று மூடும், அந்த இடம் பதிவாகும். ஒரு பிளேட்டை ஒரு திசையில், மற்றதை இன்னொரு திசையில், முனையை மூன்றாவது திசையில் தொட்டால் சீம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். சீமின் மறுமுனையிலும் தொட்டால் சாய்வும் தெரியும். பல ரோபோக்களில் இதற்கான வசதி ஏற்கனவே இருக்கும். விலை குறைவு. விலையை நேரத்தில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தொடலுக்கும் சில வினாடி, ஆறு தொடல் என்றால் அரை நிமிடத்துக்கு அருகில் போகும். வயர் நுனி ஒவ்வொரு முறையும் ஒரே நீளத்தில் வெட்டப்பட்டிருக்க வேண்டும், தொடும்போது வயர் உள்ளே தள்ளப்படாமல் பிரேக் பிடிக்க வேண்டும். துரு, மில் ஸ்கேல் (ரோலிங்கில் படிந்த ஆக்சைடு தோல்), பிரைமர் (அடிப்பூச்சு) மேல் தொட்டால் சுற்று மூடாமல் போகலாம். அப்போது வயர் வளைந்துகொண்டே போகும், பிறகு எங்கோ ஓர் இடத்தைச் சரி என்று பதிவுசெய்யும். பிரைமர் அடித்த பிளேட் உங்களிடம் வருகிறது என்றால் இதை நினைவில் வையுங்கள்.

டச் சென்சிங்கால் முடியாத ஒன்று, வெல்டிங் நடக்கும்போது சீம் நகர்வதைப் பார்ப்பது. அதற்கு ஆர்க் சென்சிங் வேண்டும், அல்லது கேமரா. இதில் ஆர்க் சென்சிங்கை நிதானமாகச் சொல்கிறேன். பலரும் அதை ஒரு சுவிட்ச் போல நினைத்து, போட்டதும் வேலை செய்யவில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

மிக் பவர் சோர்ஸ் மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்து வைத்திருக்கும். வயர் ஒரே வேகத்தில் வந்துகொண்டிருக்கும். வந்த வயர் அத்தனையும் உருகியாக வேண்டும். உருக்குவது இரண்டு: ஆர்க்கின் சூடு ஒன்று, வயருக்குக் கரண்ட் கொடுக்கும் கான்டாக்ட் டிப்பில் இருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வயரில் கரண்ட் ஓடுவதால் வரும் சூடு மற்றது. டிப் பிளேட்டை விட்டு விலகினால் நீட்டம் கூடும், நீட்டத்தில் சூடு கூடும், அதே வயரை உருக்கக் குறைந்த கரண்ட் போதும். டிப் நெருங்கினால் கரண்ட் கூடும். 250 ஆம்பியர், 15 மி.மீ. நீட்டம், 1.2 மி.மீ. இரும்பு வயர் என்று கணக்குப் போட்டால், நிலையான நிலையில் ஒரு மி.மீ. மாற்றத்துக்கு ஏறக்குறைய 4, 5 ஆம்பியர் மாறும். டார்ச் வேகமாக ஆடும்போது ஆர்க் நீளம் தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் இருக்காது, அதனால் மாற்றம் இன்னும் பெரிதாகத் தெரியும். ஜப்பானில் வயர் நுனியை வினாடிக்குப் பல சுற்று சுழலவிட்டு இந்த சிக்னலைப் பெரிதாக்கும் முறையை உருவாக்கியது இந்தக் காரணத்தால்தான்.

இப்போது டார்ச் ஃபில்லட் மூலையில் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே முன்னேறுகிறது (இதுதான் வீவ்) என்று வையுங்கள். மூலைக்கு நேராக இருக்கும்போது டிப் தூரத்தில். இடது பிளேட்டை நோக்கிப் போனால் சுவர் நெருங்கும், கரண்ட் ஏறும். வலது பக்கமும் அப்படியே. டார்ச் நடுவில் இருந்தால் இரு முனையிலும் ஏற்றம் சமம். 1 மி.மீ. இடதுபக்கம் விலகியிருந்தால் இடது சுவர் 1 மி.மீ. கிட்டத்தில், வலது சுவர் 1 மி.மீ. தள்ளி. வித்தியாசம் 2 மி.மீ., அதாவது சுமார் 9 ஆம்பியர். குளம் மூலையை நிரப்பிக்கொண்டிருப்பதால் நடைமுறையில் அதைவிடச் சற்றுக் குறையலாம். இடது முனை கரண்ட் கூட வந்தால் வலதுபக்கம் நகரு என்பதுதான் முழு விதியும். உயரத்துக்கும் தனி சென்சார் வேண்டாம். ஒரு முழு வீவின் சராசரி கரண்ட் குறித்த அளவுக்கு மேல் போனால் டார்ச்சைத் தூக்கு, குறைந்தால் இறக்கு. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் குக் 1980-களின் தொடக்கத்தில் இதை விரிவாக எழுதினார். இன்றைய ரோபோக்களில் இருப்பதும் அடிப்படையில் இதுவே.

இங்கே 9 ஆம்பியரைத் தேட வேண்டிய இடத்தைப் பாருங்கள். வயர் நுனித் துளி குளத்தைத் தொட்டுத் தொட்டு இறங்கும் ஷார்ட் சர்க்யூட் முறையில் துளி ஒட்டிப் பிரியும்போது கரண்ட் நூறு ஆம்பியருக்கு மேல் குதிக்கும், அதுவும் வினாடிக்குப் பல பத்து முறை. அதனால்தான் ஒரு கணத்தின் கரண்டை எடுக்காமல் வீவின் முனைக்கருகே உள்ள பகுதியின் சராசரியை எடுக்கிறார்கள். துளிகள் பொடியாகக் குளத்துக்குப் பாயும் ஸ்பிரே முறையில் கரண்ட் அமைதி, சென்சிங் சுலபம். 8 மி.மீ. பிளேட்டுக்கு எப்படியும் நீங்கள் ஸ்பிரேயில் ஓட்டலாம்; ஓட்டுங்கள்.

அடுத்து பலர் தடுக்கி விழும் இடம், கட்டம் (ஃபேஸ்), அதாவது வீவின் நிலைக்கும் அளந்த கரண்டுக்கும் இடையே உள்ள நேரப் பிசகு. ரோபோ கன்ட்ரோலர் டார்ச் இடது முனையில் இருக்கிறது என்று நினைக்கும் நேரத்தில் உண்மையான டார்ச் இன்னும் வந்துகொண்டிருக்கும். கரண்டை அளந்து, வடிகட்டி, அனுப்புவதிலும் தாமதம் உண்டு. வீவ் வினாடிக்கு 3 முறை என்றால் ஒரு வீவுக்கு 333 மில்லி வினாடி. ஒரு முழு வீவை 360 டிகிரி என்று வைத்தால், 30 மில்லி வினாடி தாமதம் என்பது 32 டிகிரி. சிக்னல் கொஞ்சம் குறையும், சமாளிக்கலாம். தாமதம் 83 மில்லி வினாடியைத் தொட்டால் 90 டிகிரி. இடதும் வலதும் எப்போதும் சமமாகவே தெரியும், டார்ச் திருத்தவே திருத்தாது. அதற்கும் மேலே போனால் இடது வலதாகத் தெரியும், டார்ச் சீமைத் தேடாமல் சீமை விட்டு ஓடும். பாராமீட்டர் பக்கத்தில் கட்டத் தாமதத்தைச் சரிசெய்ய ஓர் எண் இருக்கும். வீவ் வேகத்தை மாற்றினால் அந்த எண்ணையும் திரும்பப் பார்க்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, வேகத்தைக் கூட்டினேன், கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

பிறகு கெயின். ஒவ்வொரு வீவிலும் தெரிந்த விலகலில் எத்தனை பங்கைத் திருத்துவது? முழுவதையும் உடனே திருத்தினால் வேகமாகப் பிடிக்குமே என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 600 மி.மீ. சீமில் மொத்தம் 3 மி.மீ. சாய்வு, வேகம் வினாடிக்கு 8 மி.மீ. சீம் முடிய 75 வினாடி ஆகும், வினாடிக்கு 0.04 மி.மீ. நகர்வு, 3 வீவ் என்றால் வீவுக்கு வெறும் 0.013 மி.மீ. விலகலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் ஒவ்வொரு வீவிலும் திருத்தினால்கூட டார்ச் நிரந்தரமாகப் பின்தங்குவது 0.13 மி.மீ.தான். நமக்கு 0.6 வரை இடம் இருக்கிறது. முழுப் பங்கையும் திருத்தினால் ஒவ்வொரு துளியாலும் கரண்ட் குதிப்பதை விலகல் என்று நம்பி டார்ச் பின்தொடரும், பீட் பாம்பு போன தடமாக நெளியும். ஆகவே கெயினைக் குறைவில் தொடங்கி, பின்தங்கினால் மட்டும் ஏற்றுங்கள். ஒரு வீவுக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் திருத்தலாம் என்ற வரம்பையும், சீம் முழுவதிலும் மொத்தம் இவ்வளவுதான் விலகலாம் என்ற வரம்பையும் கட்டாயம் வையுங்கள். இரண்டாவது வரம்பு தாண்டினால் ஜாப்பே தவறாக உட்கார்ந்திருக்கிறது. டார்ச் நிற்பதுதான் நல்லது.

இன்னொரு நுணுக்கம். கீழ்ப் பிளேட் கிடையாக, மேல் பிளேட் செங்குத்தாக இருக்கும் ஃபில்லட்டில் குளம் கீழ்ப்பக்கம் இறங்கும். அதனால் டார்ச் சரியான நடுவில் இருந்தாலும் இரு முனைக் கரண்டும் சமமாக வராது. சமமாக்கச் சொன்னால் டார்ச் தவறான இடத்துக்குப் போகும். நல்ல ஜாப் ஒன்றைத் துல்லியமாக வைத்து, அதில் வரும் வித்தியாசத்தையே குறியாக வையுங்கள். அந்த எண்ணைக் கொஞ்சம் மாற்றி வெல்டிங்கின் மேல் காலையோ கீழ்க் காலையோ (ஒவ்வொரு பிளேட்டிலும் அது பரவும் பக்கத்தை) பெரிதாக்கவும் முடியும்.

ஆர்க் சென்சிங்குக்குச் சுவர் வேண்டும். ஃபில்லட், வி குரூவ் (வி வடிவப் பள்ளம்), போதுமான தடிமன் உள்ள லாப் ஜாயிண்ட் (ஒன்றன்மேல் ஒன்று ஏறியது) சரி. விளிம்போடு விளிம்பு நெருக்கமாக ஒட்டிய நேர் பட் ஜாயிண்ட்டில் சுவரே இல்லை. எத்தனை வீவ் செய்தாலும் கரண்ட் ஒன்றும் சொல்லாது. 3 மி.மீ.க்குக் குறைந்த ஷீட் லாப்பில் விளிம்பு உருகிப் போய்விடும். அலுமினியத்தில் வயரின் மின்தடை குறைவு, நீட்டத்தில் சூடேறுவது அற்பம், எனவே சிக்னலும் பலவீனம். வீவ் இல்லாமலும் இது கிடையாது, அதனால் வேகம் ஓரளவுக்கு மேல் போக முடியாது. சீம் எங்கே தொடங்குகிறது என்பதையும் ஆர்க் சென்சிங் கண்டுபிடிக்காது. ஆர்க் பற்றும் இடம் மூலைக்குக் கிட்டே இருந்தால்தான் பிடித்துக்கொள்ளும். டச் சென்சிங்கில் தொடக்கத்தைக் கண்டுபிடித்து ஆர்க் சென்சிங்கில் தொடர்வது என்று இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துவது இதனால்தான்.

இனி லேசர் கேமரா. டார்ச்சுக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து லேசர் கோடு ஒன்று சீமுக்குக் குறுக்கே விழும். கேமரா வேறு கோணத்தில் இருந்து பார்க்கும். தட்டையான பரப்பில் கோடு நேராகத் தெரியும், ஃபில்லட்டில் மூலையில் மடங்கிய கோடாக. மடங்கிய புள்ளிதான் சீம். லேசருக்கும் கேமராவுக்கும் இடையே 30 டிகிரி இருந்தால், பிளேட் 1 மி.மீ. உயரும்போது கோடு அரை மி.மீ. நகர்ந்ததாகக் கேமராவுக்குத் தெரியும். ஒரு பிக்சல் 0.05 மி.மீ. பார்க்கிறது என்றால் 10 பிக்சல். போதுமான துல்லியம். ஆர்க்கின் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் லேசர் கோடு எப்படித் தெரியும்? லேசரின் அலைநீளத்தை மட்டும் விடும் வடிகட்டிக் கண்ணாடி, ஆர்க்கை மறைக்கும் தகடு, ஸ்பேட்டரையும் புகையையும் தள்ளும் காற்று, அடிக்கடி மாற்றும் விலை குறைந்த பாதுகாப்புக் கண்ணாடி, இவ்வளவும் சேர்ந்துதான். அந்தக் கண்ணாடியை மாற்றாத பட்டறையில் இந்தக் கருவி சீக்கிரம் மூலைக்குப் போய்விடும்.

கேமரா முன்னால் பார்க்கிறது, ஆர்க் பின்னால் வருகிறது. சைக்கிள் விளக்கு பள்ளத்தைக் காட்டும் நேரமும் சக்கரம் அதில் இறங்கும் நேரமும் வேறு, அதேதான் இங்கும். சென்சார் 40 மி.மீ. முன்னால், வேகம் வினாடிக்கு 8 மி.மீ. என்றால் பார்த்த இடத்துக்கு டார்ச் வர 5 வினாடி. பார்த்த புள்ளியை அதுவரை சேமித்து வைக்க வேண்டும், அதுவும் நேரத்தை வைத்து அல்ல, இடத்தை வைத்து. நடுவில் வேகம் மாறினால் நேரக் கணக்கு பொய்த்துவிடும். நேர்ச்சீமில் இதெல்லாம் சுலபம். மூலை திரும்பும்போது கேமரா சீமுக்கு வெளியே போய்விடக் கூடாது, டார்ச்சின் கோணமும் கெடக் கூடாது, பெட்டி கிளாம்பில் இடிக்கவும் கூடாது. சேஸியில் குறுக்கு மெம்பர் வந்து முட்டும் இடத்தில் கடைசி 40 மி.மீ.க்குப் பெட்டி உள்ளே போகுமா என்று அளந்து பாருங்கள். பெட்டி நுழையாத உள்மூலைகள்தான் உங்கள் ஜாப்பில் அதிகம் என்றால் பேச்சே முடிந்தது.

டாக் வரும் இடத்தில் மூலை மறைந்துவிடும், மடங்கல் புள்ளி திடீரென்று 2 மி.மீ. துள்ளும். கேமரா எடுக்கும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே உண்மையான சீம் அப்படித் துள்ளாது. துள்ளினால் அதை நம்பாதே, பழைய திசையிலேயே போ என்று மென்பொருள் இருக்க வேண்டும். எவ்வளவு நீளம் வரை அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்பதை உங்கள் டாக் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். பளபளப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினிய மூலைகளில் லேசர் ஒரு பிளேட்டில் பட்டு மற்றதில் பிரதிபலித்து இரண்டாவது கோடு ஒன்றைக் காட்டும். இடைவெளியே இல்லாத நேர் பட் ஜாயிண்ட்டில் மடங்கலும் இல்லை, பள்ளமும் இல்லை. லேசர் கோடும் அங்கே உதவாது.

கேமராவுக்கே உரிய பெரிய பலம் ஒன்று உண்டு. அது கேப்பை, அதாவது பிளேட்டுகளுக்கு இடையே உள்ள இடைவெளியை, அளக்கும். ஆர்க் சென்சிங் நடுவைக் கண்டுபிடிக்கும், நடுவில் எவ்வளவு கேப் என்று அதற்குத் தெரியாது. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் (ஏ.டபிள்யூ.எஸ்.) டி1.1 விதிப்படி ஃபில்லட்டில் கேப் 2 மி.மீ.க்கு மேல் போனால் கேப் அளவுக்கு வெல்டிங் காலையும் கூட்ட வேண்டும். கேமரா கேப்பைப் பார்த்து, வேகத்தைக் குறைத்து, வீவை அகலமாக்கி, இதை அந்த இடத்திலேயே செய்ய வைக்கலாம். உங்கள் ஜாப்பில் கேப் மாறிக்கொண்டே இருக்கிறது, கட்டிங்கை மேம்படுத்த வழியில்லை என்றால் கேமராவுக்குக் கொடுக்கும் பணம் நியாயமானது.

அதன் பெரிய பலவீனத்தை விற்பனையாளர் சொல்ல மாட்டார். கேமரா பார்ப்பது சீமை. ஆர்க் எங்கே விழுகிறது என்று அது பார்ப்பதே இல்லை. சீமுக்கும் டார்ச் நுனிக்கும் இடையே உள்ள உறவு அளவுத்திருத்தத்தில் ஒருமுறை எழுதிவைத்த எண். டார்ச் எங்காவது இடித்து 1 மி.மீ. வளைந்தால், கேமரா சீமைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும், ரோபோ துல்லியமாக 1 மி.மீ. தள்ளி வெல்டிங் போடும். கான்டாக்ட் டிப் துளை தேய்ந்து அகன்றாலும் இதேதான். வயர் ஸ்பூலில் சுருண்டிருந்த வளைவோடு வெளியே வந்து, 15 மி.மீ. நீட்டத்தின் நுனியில் ஒரு பக்கம் சாயும். சென்சார் புதிது, பீட் மட்டும் பழையபடி விலகுகிறது என்று குழம்பி நிற்பவர்களிடம் நான் முதலில் கேட்பது டிப்பை எப்போது மாற்றினீர்கள் என்பதைத்தான். ஆர்க் சென்சிங்கில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் அங்கே அளவுகோலே ஆர்க்தான். வயர் வளைந்தாலும் டார்ச் வளைந்தாலும் ஆர்க் விழும் இடத்தில் இருந்தே கரண்ட் வருகிறது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீண்ட நேர் சீமில், கம்பத்தில் பொருத்திய சப்மெர்ஜ்ட் ஆர்க் வெல்டிங்கில் (ஃபிளக்ஸ் தூளுக்கு அடியில் ஆர்க் எரிவது), குரூவுக்குள் ஓடும் தொடு முள் இன்றும் நல்ல தேர்வு. முள் இடம்வலம் நகர்ந்தால் மோட்டார் வைத்த குறுக்கு ஸ்லைடு தலையை நகர்த்தும். ஃபிளக்ஸ் தூள் அதைப் பாதிக்காது. டாக் மேல் ஏறும்போது மட்டும் துள்ளும், முள் தேயும். ஆர்கான் வெல்டிங்கில், அதாவது டிக்கில், ஆர்க் மின்னழுத்தத்தை வைத்து டார்ச் உயரத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். அது உயரத்துக்கு மட்டும், சீமின் இடம்வலத்துக்கு அல்ல. பல பாஸ் (அடுக்கு) போடும் தடித்த பிளேட்டில் முதல் பாஸில் டிராக் செய்த பாதையைச் சேமித்து, அடுத்த பாஸ்களுக்கு அதையே நகர்த்திப் பயன்படுத்துவது வழக்கம். குரூவ் நிரம்ப நிரம்ப எந்த சென்சாருக்கும் பிடிக்க ஒன்றும் இருக்காது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 8 மி.மீ. பிளேட், ஃபில்லட், இரும்பு, வீவ் செய்யத் தடையில்லை. ஆர்க் சென்சிங் தன் சொந்த ஊரில் இருக்கும் வேலை இது. என் பரிந்துரை: மேலே சொன்ன அளவை முதலில் எடுங்கள், ஃபிக்ஸ்சரையும் டிப் மாற்றும் வழக்கத்தையும் சரிசெய்யுங்கள், பிறகு டச் சென்சிங்கும் ஆர்க் சென்சிங்கும் சேர்த்துத் திறந்துகொள்ளுங்கள். கேமராவை இரண்டு நிலைமைகளில் மட்டும் யோசியுங்கள். ஒன்று, கேப் 2 மி.மீ.க்கு மேல் அடிக்கடி வருகிறது, அதைக் கட்டிங்கில் குறைக்க முடியவில்லை. மற்றது, பின்னாளில் 2 மி.மீ. ஷீட்டோ அலுமினியமோ அதே ரோபோவில் ஓட்டப்போகிறீர்கள்.

எதை வாங்கினாலும் பணம் முழுவதும் கொடுப்பதற்கு முன் உங்கள் ஜாப்பில், உங்கள் வயரில், உங்கள் பட்டறையில் சோதனை கேளுங்கள். அவர்களுடைய மினுமினுப்பான மாதிரித் துண்டில் எல்லாம் ஓடும். ஒரு சீமைச் சரியாகக் கற்றுக்கொடுத்துவிட்டு, கடைசிப் புள்ளியை மட்டும் வேண்டுமென்றே 3 மி.மீ. தள்ளிவையுங்கள். சென்சார் இல்லாமல் ஒரு பீட், சென்சாரோடு ஒரு பீட். பிறகு அதே புள்ளியை எதிர்ப்பக்கம் 3 மி.மீ. தள்ளி அதையே செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் நன்றாகத் திருத்தி மறுபக்கம் திணறினால் கட்டமோ குறியோ தவறாக இருக்கிறது. நடுவில் இரண்டு டாக் இருக்கட்டும், ஒன்று வழக்கத்தைவிடப் பெரிதாக. துருப்பிடித்த பிளேட் ஒன்றிலும், பிரைமர் அடித்த பிளேட் ஒன்றிலும் டச் சென்சிங்கைப் பாருங்கள். கடைசியாக பீட்டை வெளியே பார்த்து மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தொடக்கம், நடு, முடிவு மூன்று இடத்திலும் குறுக்கே வெட்டி, தேய்த்து, ஸ்பிரிட்டில் கலந்த நைட்ரிக் அமிலம் பூசிப் பாருங்கள். மூலையின் இரு பக்கத்திலும் உருகிய எல்லை பிளேட்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும், இரண்டு காலும் மூன்று வெட்டிலும் ஒரே அளவுக்குக் கிட்டே வர வேண்டும். அந்த மூன்று துண்டையும் தேதி எழுதி எடுத்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து பீட் மறுபடி விலகினால், புதிதாக ஒரு துண்டை வெட்டி அவற்றோடு வைத்துப் பார்த்தபின் சர்வீஸ் ஆளைக் கூப்பிடலாம்.